கையில் கிடைத்தது கல்மரமா? ராமநாதபுரம் கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தனுஷ்கோடியில் அரிச்சல்முனைக்குப் போகும் சாலையோரம் வண்டியை நிறுத்தினால், பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு பிள்ளை கையில் கல்லோடு ஓடி வரும். போன கோடை விடுமுறையில் அப்படி ஓடி வந்தவன் என் அக்கா மகன்.

"மாமா, இங்க பாருங்க, மரக்குச்சி கல்லாயிருச்சு!"

வாங்கிப் பார்த்தேன். விரல் நீளம், வெளிறிய வெள்ளை, நுனியில் இரண்டாகக் கவை பிரிந்திருந்தது. பட்டை உரித்த முருங்கைக் குச்சி மாதிரியே இருந்தது. அவன் வயதில் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். "மாப்ளே, இது மரமே இல்ல. ஒரு காலத்துல உயிரோட இருந்த பூச்சிக் கூட்டம் கட்டுன வீடு" என்றதும் அவன் முகம் சுருங்கிப் போனது. கல்மரத்தைவிட அது ஒன்றும் மட்டமில்லை என்று புரியவைக்க, மண்டபம் வந்து சேரும்வரை பேச வேண்டியிருந்தது.

அந்தப் பேச்சைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். கல்மரத்தைப் பற்றி இதுவரை ஒன்றும் தெரியாதவர்களுக்கானது இது. நம் கரையில் கிடக்கும் கல்லை எப்படிச் சோதிப்பது, எவை ஏமாற்றும், அசல் கல்மரத்தைப் பார்க்க எங்கே போவது என்று ஒவ்வொன்றாகப் போவோம்.

முதலில், மரம் எப்படிக் கல்லாகிறது

இது புரியாமல் கல்லைப் பொறுக்கிப் பயனில்லை. அதனால் இங்கே சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு மரம் விழுந்தால் வழக்கமாக என்ன ஆகும்? கரையான் ஏறும், காளான் பூக்கும், மழையில் ஊறும், சில மழைக்காலங்களில் மண்ணோடு மண்ணாகிவிடும். அது கல்லாக வேண்டுமென்றால் இந்த வேலையாட்கள் ஒருவரும் அதன் கிட்டே வரக் கூடாது. அதற்கு மரம் அழுகுவதற்கு முன்பே சேற்றுக்கும் மணலுக்கும் அடியில் போய்விட வேண்டும். பெருவெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்து ஆற்றுப் படுகையில் புதையலாம், எரிமலைச் சாம்பலில் மூழ்கலாம். எப்படியோ காற்றுப் படாமல் இருந்தால் சரி. காற்று இல்லாவிட்டால் அழுகல் ஏறக்குறைய நின்றுவிடும்.

அடுத்து வேண்டியது தண்ணீர், அதுவும் சிலிக்கா கரைந்த தண்ணீர். மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அதுதான் சிலிக்கா. பாறையும் எரிமலைச் சாம்பலும் சிதையும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தடி நீரில் கரைகிறது. ஒரு லிட்டரில் சில மில்லிகிராமில் இருந்து சில பத்து மில்லிகிராம் வரைதான் இருக்கும். ஆனால் அந்த நீர் நிற்காமல் மரத்துக்குள் ஊறிக்கொண்டே இருக்கிறது.

மரம் என்பது கோடிக்கணக்கான நுண்குழாய்களின் கட்டு. உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறிய அதே குழாய்களில் இப்போது சிலிக்கா நீர் புகுகிறது. குழாய்ச் சுவர்களில் இருக்கும் செல்லுலோஸுக்கு சிலிக்காவைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் குணம் உண்டு. அதனால் முதலில் சுவரில் மெல்லிய பூச்சாகப் படிகிறது. பிறகு குழாயின் உள்வெளி அடைபடுகிறது. அப்புறம் மரச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போக, அந்த இடத்தையும் சிலிக்கா பிடித்துக்கொள்கிறது. குத்தகைக்கு வந்தவன் ஒவ்வொரு அறையாகப் பிடித்து, கடைசியில் வீட்டுக்காரனையே வெளியேற்றிய கதைதான். ஆனால் வீட்டின் ஒரு சுவர்கூட இடம் மாறாது. அதனால்தான் கல்மரத்தை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், இன்றைக்கு வெட்டிய மரம் போலவே செல்கள் வரிசையாகத் தெரிகின்றன.

முதலில் படிவது ஓபல் என்கிற, இன்னும் முழுதாக உறுதிப்படாத சிலிக்கா. காலம் செல்லச் செல்ல அது இறுகிக் குவார்ட்ஸ் என்கிற கடினமான படிகக் கல் ஆகிறது. வழியில் இரும்பு கலந்தால் சிவப்பு, மஞ்சள், பழுப்பு. மாங்கனீசு கலந்தால் கருமை. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கல்மரங்களில் தெரியும் வண்ணங்கள் எல்லாம் இந்தக் கலப்பால் வந்தவை.

'கோடி ஆண்டு ஆகுமா?' என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. முழுமையாக இறுகிய கல்லாவதற்கு நெடுங்காலம் பிடிக்கும். ஆனால் தொடக்கம் அவ்வளவு மெதுவானதல்ல. ஜப்பானின் டடேயாமா எரிமலையில் சிலிக்கா நிறைந்த வெந்நீர்க் குட்டை ஒன்று இருக்கிறது. அங்கே மரத்துண்டுகளைப் போட்டு வைத்து ஆராய்ந்தார்கள். ஏழே ஆண்டுகளில் மரத்தின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு சிலிக்கா ஏறியிருந்தது. 2004-ல் வெளியான ஆய்வு அது. ஆக, காலத்தைவிட முக்கியம் எந்தத் தண்ணீரில் ஊறுகிறது என்பதுதான். இதை நினைவில் வையுங்கள், நம் கரைக்கு வரும்போது தேவைப்படும்.

சிலிக்கா கிடைக்காமல் புதைந்த மரம் என்ன ஆகும்? நெய்வேலிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே தாவரங்கள் சதுப்பில் புதைந்து, அழுத்தப்பட்டு, பழுப்பு நிலக்கரி ஆகியிருக்கின்றன. அதை எரிக்கலாம். கல்மரத்தை அடுப்பில் வைத்தால் அடுப்புதான் அணையும்.

நம் கரையில் ஏன் கிடைப்பதில்லை

கடலோரத்தில் மரத்துக்கு முதல் எதிரி புழு. வத்தையோ வள்ளமோ வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தண்ணீரிலேயே விட்டால் அடிப்பலகை சல்லடையாகிவிடும் என்று. பெயர்தான் புழுவே தவிர அது சிப்பி, மட்டி இனம். தலையில் இருக்கும் சிறு ஓட்டால் மரத்தை அரம் போல அராவிக்கொண்டே உள்ளே போகும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது எத்தனையோ மரம் கடலுக்குள் போனது. அதில் எதுவும் கல்லாகக் காத்துக் கிடக்கவில்லை.

இரண்டாவது காரணம் தண்ணீர். நம் கரையில் கிளிஞ்சல், சங்கு, பவளம் என்று எங்கும் சுண்ணாம்புதான். தண்ணீரில் கரைவதும் அதுதான், வெயிலில் காய்ந்து திரும்பப் படிவதும் அதுதான். அதனால் நம் கரையில் ஒன்று கல்லானால் அது பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லாகவே ஆகும். வாலிநோக்கம் பக்கம் மணலே இறுகிப் பாறையாகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இந்த வேலைக்குக் கோடி ஆண்டெல்லாம் தேவையில்லை.

மூன்றாவது வயது. ராமேஸ்வரம் தீவில் கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் பழைய பவளத் திட்டுகளின் வயது சுமார் 4000 ஆண்டு. சங்ககாலத்துக்கும் முன்னே என்று நமக்குத் தோன்றும். கல்மரக் கணக்கில் அது நேற்றுக் காலை. கீழே ஆழத்தில் மிகப் பழைய படிவப் பாறைகள் இருக்கின்றன, வழுதூர் மின் நிலையத்துக்கு எரிவாயு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அது துரப்பணத்துக்கு எட்டும் ஆழம், செருப்புக் காலோடு நடந்துபோய்ப் பார்க்கிற ஆழமில்லை.

சுருக்கமாகச் சொன்னால், நம் கரைக் கல் சுண்ணாம்பு, கல்மரம் சிலிக்கா. கீழே சொல்லும் சோதனைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான்.

எவை எவை ஏமாற்றும்

முதல் இடம் பவளத்துக்கு. கொம்பு கொம்பாகக் கிளைக்கும் பவளம் உடைந்து, அலையில் உருண்டு, கரையில் ஒதுங்கும்போது சுள்ளி போலவே இருக்கும். கச்சான் காற்று அடித்து ஓய்ந்த பிறகு ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் நடந்தால் குவியலாகவே பார்க்கலாம். கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். மேலெல்லாம் குண்டூசி முனை அளவுக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு சிறு உயிர் குடியிருந்தது. பெரிய உருண்டைப் பவளம் இன்னும் மோசம். அதை வெட்டினால் ஆண்டுக்கு ஒன்றாக வளையம்கூடத் தெரியும், மரத்தைப் போலவே. ராமேஸ்வரத்தில் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காட்டுகிறார்களே, அந்த மிதக்கும் கற்களில் பலவும் உள்ளே காற்றறைகள் நிறைந்த பவளம்தான்.

இரண்டாவது, வேர்க்குழாய். இதற்கு இங்கே தனிப் பெயர் எதுவும் நான் கேட்டதில்லை, சிலர் பொதுவாகச் சுக்கான் கல் என்று சொல்லிவிடுவார்கள். மணல்மேட்டில் ராவணன் மீசையும் அடும்பும் தாழையும் வேர் விடுகின்றன. வேரைச் சுற்றியுள்ள ஈர மணலில் சுண்ணாம்பு படிந்து இறுகுகிறது. வேர் மக்கிப் போனபின் அதைச் சுற்றிய உறை மட்டும் குழாயாக நிற்கிறது. காற்று மணலை ஒதுக்கும்போது இவை கிளை கிளையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தவர்கள் 'கல் வேர்' என்றால் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் இதில் மரத்தின் செல் எதுவும் இல்லை, வேர் இருந்த இடத்தின் அச்சு மட்டுமே. உடைத்துப் பார்த்தால் மணல் துகள் துகளாகத் தெரியும்.

மூன்றாவது, கடலில் ஊறிய மரம். கறுத்து, கனத்து, தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு ஊறியிருக்கும். புழு துளைத்த வழியெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய் வேறு இருக்கும், புழு தன் சுரங்கத்துக்குப் பூசிய சுவர் அது. தட்டினால் கல் மாதிரிச் சத்தம்கூட வரலாம். ஆணியால் குத்துங்கள், இறங்கினால் மரம். முடிந்தது.

நான்காவதுதான் படித்தவர்களையும் கவிழ்ப்பது: வரிப் பாறை. அலைத் தடுப்புக்காக உள்நாட்டுக் குவாரிகளில் இருந்து லாரி லாரியாகப் பாறை கொண்டுவந்து கரையில் கொட்டியிருக்கிறார்கள். அதில் சிலவற்றில் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் ஓடும், தேக்குப் பலகையின் ரேகை போல. இது சுண்ணாம்பு இல்லை, கண்ணாடியையும் கீறும். அதனால் கீழே வரும் சோதனைகளில் முதல் மூன்றையும் தாண்டிவிடும். நானே ஒருமுறை இதில் விழுந்திருக்கிறேன். ஒரு துண்டை ஆறு மாதம் 'கல்மரம்' என்று அலமாரியில் வைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சோதனை செய்யும் முறை

தொடங்கும் முன் ஒரு முக்கியமான விஷயம். கரையில் கிடக்கும் பவளத்தை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். செத்த பவளம்தானே என்று நினைக்க வேண்டாம். 2001-ல் இருந்து பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கும் அதே இடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கே அனுமதி இல்லாமல் கால் வைக்கவே கூடாது. ஆகவே சோதனையைக் கரையிலேயே, நின்ற இடத்திலேயே செய்யுங்கள். பவளம் என்று கண்ணுக்குத் தெரிந்தாலே போதும், அதில் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஒரு பத்து மடங்கு கைலென்ஸ், சின்ன பாட்டிலில் வெள்ளை வினிகர் (எலுமிச்சம்பழமும் போதும்), ஒரு இரும்பு ஆணி, ஓரம் மழுக்கிய ஒரு கண்ணாடிச் சில்லு, பல் துலக்கும் பழைய பிரஷ், ஒரு பாட்டில் நல்ல தண்ணீர். கழிவறை கழுவும் ஆசிட்டை யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். வேலை வேகமாக நடக்கும், கையும் கண்ணும் அதே வேகத்தில் போகும்.

கல்லை முதலில் நல்ல தண்ணீரில் கழுவி பிரஷால் தேய்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் வினிகர் விட்டால், ஒட்டியிருக்கும் கிளிஞ்சல் தூள் பொங்கி உங்களை ஏமாற்றும். கழுவிய இடத்தில் ஆணியால் லேசாகச் சுரண்டி, கொஞ்சம் தூள் வந்ததும் அதன் மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். லென்ஸ் வழியே பாருங்கள், காதருகேயும் வைத்துக் கேளுங்கள். குமிழி விட்டு 'இஸ்' என்று சன்னமாகச் சத்தம் வந்தால் சுண்ணாம்பு. நம் கரையில் எடுக்கும் பத்துக் கல்லில் எட்டு ஒன்பது இந்த இடத்திலேயே கழன்றுவிடும் என்பது என் அனுபவம்.

குமிழி வரவில்லையா? சரி, இப்போது கடினம் பார்க்கலாம். கல்லின் கூரான முனையால் கண்ணாடிச் சில்லில் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். துடைத்தபின்னும் கீறல் நின்றால் சிலிக்கா வகை. மாற்றியும் செய்யலாம்: ஆணியைக் கல்லின் மேல் இழுத்தால், கல்லில் பள்ளம் விழாமல் ஆணியின் இரும்புதான் சாம்பல் கோடாக ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது எடை. குவார்ட்ஸ் தன் அளவுள்ள தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம். சமையலறைத் தராசில் கல்லை நிறுத்துங்கள். பிறகு அளவுக் கோப்பையில் தண்ணீர் எடுத்து, கல்லை நூலில் கட்டி முழுக்க மூழ்கவிட்டு, தண்ணீர் எத்தனை மில்லி ஏறியது என்று பாருங்கள். 265 கிராம் கல் 100 மில்லி ஏற்றினால் கணக்குச் சரி. 2.5-க்குக் கீழே வெகுவாக இறங்கினால் உள்ளே பொந்து இருக்கிறது அல்லது பொருள் வேறு. இது வீட்டுச் சோதனை, கரையில் ஆகாது. சொந்த நிலத்தில் கிடைத்த கல், கடையில் வாங்கிய கல் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவதுதான் முடிவு சொல்லும் சோதனை. கல்லை மூன்று பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு விறகுக் கட்டையை எடுங்கள். வெட்டு முகத்தில் வளையம் தெரியும். பக்கவாட்டில் நீளக் கோடு ஓடும். நடுவே பிளந்தால் வேறொரு ரேகை, கோடுகளுக்குக் குறுக்கே பளபளப்பான பட்டைகள். மூன்று முகமும் மூன்று விதம். அசல் கல்மரத்திலும் இப்படியே இருக்கும். வரிப் பாறையில் அப்படி இருக்காது. அடுக்கி வைத்த தோசை போல வரிகள் ஒரே தளமாக ஊடுருவிப் போகும், எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே அடுக்குதான் தெரியும். வெயிலில் சாய்த்தால் அப்பிரகத் துகள் மினுக்கும். என் அலமாரிக் கல்லை ஆறு மாதம் கழித்து இப்படித் திருப்பிப் பார்த்த அன்றைக்கே அது வாசல்படிக்கு முட்டுக் கொடுக்கப் போய்விட்டது.

இதில் ஒரு விலக்கு. பனைக்கு வளையம் கிடையாது. நம்மூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பனஞ்சட்டத்தை அறுத்த வெட்டு முகத்தில் கறுப்புப் புள்ளி புள்ளியாக, ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் தளர்ந்தும் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நார்க்கட்டு. பனை இனம் கல்லானாலும் அந்தப் புள்ளிகள் அப்படியே இருக்கும், பக்கவாட்டில் நீள நார்களாக ஓடும். படம் பார்த்துப் பழகுவதைவிட, மரக்கடை வாசலில் கிடக்கும் பனங்கட்டையின் முகத்தை லென்ஸ் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். வளையம் இல்லாத வேறு மரங்களும் உண்டு. வெப்ப நாட்டு மரங்கள் பலவற்றில் வளையம் மங்கலாகத்தான் இருக்கும். ஆகவே வளையம் இல்லை என்பதற்காக ஒரு கல்லைத் தள்ளிவிடாதீர்கள், நுண்துளைகளைத் தேடுங்கள்.

வீட்டில் ஒரு கல்மரம்

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். சமையலறை ஸ்பாஞ்சில் இருந்து மரக்கிளை வடிவத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். ஒரு டப்பாவில் மணல் போட்டு அதன் நடுவே புதையுங்கள். கடற்கரை மணல் என்றால் நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி உப்பை எடுத்துவிட வேண்டும். டப்பாவின் அடியில் சின்ன ஓட்டை இருந்தால் நல்லது.

முதலில் நான் கல்லுப்புக் கரைசல் ஊற்றிப் பார்த்தேன். இறுகியது. அடுத்த நாள் கடல்காற்றில் உப்பு கசிந்து மறுபடி நொளநொளத்துப் போனது. உள்ளூர்க்காரர்கள் படிகாரத்துக்கு மாறிக்கொள்ளுங்கள், வாசலில் திருஷ்டிக்குக் கட்டுகிறோமே, அதே கட்டிதான். நாட்டு மருந்துக் கடையில் 100 கிராம் வாங்கி, தட்டித் தூளாக்கி, 200 மில்லி கொதிநீரில் கரையுங்கள். ஆறுவதற்குள் மணல் மேல் மெதுவாக ஊற்றுங்கள். பெரியவர்கள் கைதான் வேண்டும், வெந்நீர். வடிந்ததை மறுநாள் சூடாக்கித் திரும்ப ஊற்றலாம். நான்கைந்து நாள் தினமும் ஊற்றி, பிறகு ஒரு வாரம் காயவிட்டுத் தோண்டினால், ஸ்பாஞ்சு விறைத்துக் கனத்துக் கையில் வரும். ஒடித்துப் பாருங்கள், துளைகளுக்குள் மினுமினுப்பாகப் படிகம் நிற்கும்.

இங்கே ஸ்பாஞ்சு இன்னும் உள்ளேதான் இருக்கிறது, வெளியேறவில்லை. கல்மரத்திலும் முதல் கட்டம் இதுதான். இறுகிய பின்னும் மரச்சத்து கொஞ்சம் மிச்சமிருக்கும் கல்மரங்கள் உண்டு. ஒரே வேறுபாடு, படிகாரம் தண்ணீரில் போட்டால் திரும்பக் கரைந்துவிடும், சிலிக்கா அப்படிக் கரையாது.

அசலைப் பார்க்கப் போவது

படத்தில் நூறு பார்த்தாலும் நேரில் ஒன்றைப் பார்ப்பது போல வராது. ராமநாதபுரத்தில் இருந்து போக இரண்டு இடங்கள்.

ஒன்று திருவக்கரை, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம். ராமேஸ்வரம்–சென்னை ரயில் ஏறி விழுப்புரத்தில் இறங்கினால் அங்கிருந்து சாலை வழி. வக்கிரகாளியம்மன் கோயில் என்று கேட்டால் எல்லோரும் வழி சொல்வார்கள், கல்மரப் பூங்கா கோயிலுக்குப் பக்கம். பௌர்ணமியில் கோயிலில் கூட்டம் நெரியும், வேறு நாளாகப் பார்த்துப் போங்கள். 1781-லேயே சொன்னேரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இந்தக் கல்மரங்களைப் பதிவு செய்தார். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியக் கல்மரப் பூங்காவாக்கியது. சுமார் 247 ஏக்கர், ஏறத்தாழ 200 மரங்கள், வயது சுமார் 2 கோடி ஆண்டு. ஊரில் கேட்டால், அசுரனைக் கொன்றபோது சிதறிய எலும்புகள்தான் இந்தக் கல் என்பார்கள். தூரத்தில் இருந்து பார்க்கும்போது அந்தக் கதையில் நியாயம் இருக்கிறது.

அங்கே போனதும் மரங்களின் நிறத்தை ரசிப்பதோடு நின்றுவிடாதீர்கள், அவற்றில் எவை இல்லை என்று பாருங்கள். வேர் இல்லை, கிளை இல்லை, பட்டை இல்லை. எல்லாம் மொட்டைத் தண்டுகள், படுத்துக் கிடக்கின்றன. இவை அங்கே நின்று வளர்ந்தவை அல்ல என்பதற்கு அதுதான் சாட்சி. எங்கோ மேட்டில் முளைத்த மரங்கள் வெள்ளத்தில் உருண்டு, அடிபட்டு, உரிபட்டு, மணலோடு வந்து புதைந்திருக்கின்றன. சுற்றியுள்ள மண்ணைப் பாருங்கள், கூழாங்கல்லும் சிவந்த மணலுமாக ஆற்றுப் படுகை போலவே இருக்கும். கடலூர் மணற்பாறை என்பது அதன் பெயர். நான் ஒரு தண்டின் முனையில் குனிந்து லென்ஸ் வைத்தபோது, வெட்டு முகத்தில் ஒரு வெடிப்பு நடுவில் இருந்து ஓரத்துக்கு ஓடியது தெரிந்தது. மரக்கடையில் காய்ந்த கட்டை பிளக்குமே, அதே கோணம். வெடிப்புக்குள் வெள்ளைக் குவார்ட்ஸ் நிரம்பியிருந்தது. வளையங்களைவிட அந்த வெடிப்புதான் எனக்கு 'இது மரம்தான்' என்று சொன்னது.

மற்றது சாத்தனூர், பெரம்பலூர் மாவட்டம். இங்கே கவனம் தேவை. வாடகை வண்டி ஓட்டுநரிடம் வெறுமனே 'சாத்தனூர்' என்றால் திருவண்ணாமலைப் பக்கம் இருக்கும் சாத்தனூர் அணைக்குத்தான் வண்டி திரும்பும். என் நண்பர் குடும்பத்தோடு அப்படிப் போய், முதலைப் பண்ணை பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பினார். பிள்ளைகளுக்கு அதில் வருத்தம் இல்லை. கைபேசி வரைபடத்தில் 'சாத்தனூர் கல்மரம், பெரம்பலூர்' என்று முழுதாகப் போடுங்கள். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் இருந்து கிழக்கே உள்ளே போக வேண்டும்.

1940-ல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்தார். ஒரே தண்டு, 18 மீட்டருக்கு மேல் நீளம். வயது 12 கோடி ஆண்டு என்று துறை கணக்குச் சொல்கிறது. திருவக்கரை மரங்கள் ஆற்று மணலில் புதைந்தவை என்றால், இது கடலடியில் புதைந்தது. அந்தக் காலத்தில் பெரம்பலூர், அரியலூர் பக்கமெல்லாம் கடல். கரையோரத்தில் இருந்து மிதந்து வந்த மரம் மூழ்கிச் சேற்றில் புதைந்திருக்கிறது. கடல் என்றால் புழு தின்றிருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்டால், இவ்வளவு நேரம் கவனமாகப் படித்தீர்கள் என்று பொருள். புழு தின்னத்தான் செய்யும், கடலடியில் கல்லான மரங்களில் புழுத்துளைகளே கல்லாகப் பதிந்திருப்பதும் உண்டு. தின்று முடிப்பதற்குள் சேறு மூடிய மரம் தப்பியது.

நேரம் இருந்தால் அரியலூர் அருகே வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் போகாதீர்கள், நிழல் குறைவு. கார்த்திகைக்குப் பிறகு மாசி வரை நல்ல நேரம்.

இரண்டு இடத்திலும் சின்னத் துண்டைக்கூடப் பையில் போடக் கூடாது, சட்டப்படிப் பாதுகாக்கப்பட்டவை. அரிசோனா கல்மரப் பூங்காவில் இப்படி எடுத்துப்போனவர்கள் மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். அவற்றை எடுத்த இடத்தில் வைக்க முடியாது. எந்த இடம் என்று தெரியாத கல் ஆராய்ச்சிக்கு உதவாது. அதனால் தனியே குவித்து வைத்திருக்கிறார்கள்.

கடையில் வாங்குவதாக இருந்தால்

சுற்றுலா இடங்களில் 'கல்மரம்' என்று விற்பதில் நானும் ஒருமுறை காசு விட்டிருக்கிறேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். வீட்டுக்கு வந்து தண்ணீரில் போட்டதும் சாயம் இறங்கியது. அப்போதிருந்து பஞ்சில் கொஞ்சம் நகச்சாயம் நீக்கும் திரவம் நனைத்து, ஒரு மூலையில் தேய்க்க அனுமதி கேட்கிறேன். மறுக்கிற கடையில் வாங்குவதில்லை. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத துண்டையும் வாங்குவதில்லை.

நிஜமாகவே ஒன்று கிடைத்துவிட்டால்

கிணறு வெட்டும்போதோ, கண்மாய் தூர்வாரும்போதோ, உள்நாட்டில் கிடைக்க வாய்ப்பு உண்டு. எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயமோ ஸ்கேலோ வைத்து மூன்று பக்கமும் படம் எடுங்கள். ஒரு படம் தள்ளி நின்று, சுற்றியுள்ள மண் அடுக்கு தெரியும்படி. கைபேசியில் அந்த இடத்தின் குறியைச் சேமியுங்கள். எத்தனை அடி ஆழம் என்று அங்கேயே எழுதிவிடுங்கள், மறுநாள் ஞாபகம் வராது. படங்களோடு ராமநாதபுரம் அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள், அல்லது பக்கத்துக் கல்லூரியின் நிலவியல் (பாறை, மண் பற்றிய படிப்பு) துறைக்குப் போங்கள். 'நிலவியல்' என்று தெளிவாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் வரைபடம் சொல்லித் தரும் துறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

மருமகன் அந்தப் பவளக் குச்சியை அன்றைக்கே கடலோரம் திரும்ப வைத்துவிட்டுத்தான் வண்டி ஏறினான். படிகார ஸ்பாஞ்சு மட்டும் அவன் மேசையில் இருக்கிறது. ஐப்பசி மழையில் ஈரம் ஏறி நெகிழ்ந்துவிடுமா என்று வாரம் ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறானாம். இதுவரை நெகிழவில்லை.